அவுட்கிராப் என்றால் தோட்டத்தில் தெரிகிற எல்லாப் பாறையுமா?

ஊதியூர்க் காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஊதியூருக்கும் காங்கேயத்துக்கும் இடையில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போவதால் போர் போட முடிவு செய்து, தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துச் சொல்லும் பாயிண்ட் பார்ப்பவர் ஒருவரை வரவழைத்தோம். தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடப்பவர் அல்லர். நான்கு இரும்புக் கம்பிகளை நட்டு, மின்சாரம் செலுத்தி, நிலத்தின் மின்தடையை அளப்பவர். அவர் கொடுத்த அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறது: ‘வடமேற்கில் அவுட்கிராப் காணப்படுகிறது. ஃபோலியேஷன் வடகிழக்கு–தென்மேற்கு. அவுட்கிராப்பை ஒட்டித் துளையிடுவது உகந்ததன்று.’

குழப்பம் இங்கேதான். எங்கள் காட்டில் எங்கே திரும்பினாலும் கல். வடமேற்கு மூலையில் தரையோடு தரையாக ஒரு பாறை பரந்து கிடக்கிறது. அப்பாரு காலத்தில் கம்பும் சோளமும் அடித்த களம் அதுதான். தென்புறம் வேலியோரமாக ஆள் உயரத்துக்கு இரண்டு குண்டுக்கற்கள் நிற்கின்றன. கிணற்று மேட்டில் வெட்டிப்போட்ட கற்குவியல். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் சுற்றிலும் பாறைச் சுவர். மச்சான் எல்லாமே அவுட்கிராப்தான் என்கிறார். அப்படியானால் எங்கேயுமே போர் போட முடியாது. அறிக்கை எழுதியவர் மூலையில் இருப்பதை மட்டும் ஏன் அப்படிச் சொன்னார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லடத்துப் பண்ணை

பெயரில் கிராப் இருப்பதால் பயிர்க் காப்பீட்டில் சேர்க்க முடியுமா என்று மச்சானிடம் கேட்டுப் பாருங்கள்.

குன்னமலைக் கல்

அண்ணா, அறிக்கை எழுதியவர் சொல்லைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார். நான் நிலவியல் படித்தவள், சொந்த ஊர் நாமக்கல் பக்கம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மண், நொரம்பு, சுக்கான் அத்தனையையும் வழித்து எடுத்துவிட்டால், கொங்கு நாட்டுக்கு அடியில் எங்கு பார்த்தாலும் கெட்டிப் பாறைதான் இருக்கும். அடிப்பாறை என்று அதைச் சொல்கிறோம். அந்த அடிப்பாறை எந்த இடத்தில் நிலமட்டத்தில் வெளியே தெரிகிறதோ அதுதான் அவுட்கிராப். பாறை வளர்ந்து மேலே வந்ததாக ஊரில் சொல்வார்கள். உண்மையில் பாறை அங்கேயேதான் இருக்கிறது. சுற்றியிருந்த மட்கிய பகுதியை மழைநீர் அரித்துக்கொண்டு போனதால் கெட்டியான பகுதி மிஞ்சி நிற்கிறது.

இதில் அளவு ஒரு பொருட்டே இல்லை. சென்னிமலையில் தெரியும் பாறைமுகமும் அவுட்கிராப்தான், ஓடைக்குள் கையகலத்துக்குத் தெரியும் பாறையும் அவுட்கிராப்தான். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அது தன் அடிப்பாறையோடு இன்னும் ஒட்டியிருக்கிறதா? ஈறுக்கு மேல் கொஞ்சமே தெரிந்தாலும் அது பல். விழுந்து உள்ளங்கைக்கு வந்துவிட்டால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை வைத்து வாயின் அமைப்பைச் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் காட்டுக்கு வருகிறேன். களமாக இருந்த பாறை சந்தேகமில்லாமல் அவுட்கிராப். கிணற்று மேட்டுக் குவியல் அவுட்கிராப் இல்லை, அது தன் இடத்தை விட்டு வந்த கல். ஆனால் அந்தக் குவியலைக் கேவலமாக நினைக்க வேண்டாம். களத்துப் பாறையின் மேல்தோல் வெயிலிலும் மழையிலும் சாம்பல் பூத்து, பாசி படர்ந்து, என்ன கல் என்றே தெரியாமல் இருக்கும். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து உடைத்துப் பாருங்கள். கருப்பும் வெள்ளையுமாக வரிவரியாக இருக்கும். கருப்பு வரியில் மினுங்குவது காக்காய்ப்பொன், அதாவது மைக்கா. வெள்ளையில் கண்ணாடி போல் தெரிவது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். பால்வெள்ளையாக, உடைந்த முகம் வழவழப்பாக இருந்தால் ஃபெல்ஸ்பார். இப்படி வரிவரியாக இருக்கும் கல்லை நைஸ் என்கிறோம். காங்கேயம், தாராபுரம் பக்கம் பெரும்பாலும் இதுதான். அந்த வரிகள் ஓடும் தன்மையைத்தான் உங்கள் அறிக்கை ஃபோலியேஷன் என்கிறது.

கிணற்றுச் சுவர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே பாறை தெரிகிறது, அடிப்பாறையோடு ஒட்டியும் இருக்கிறது. ஆனால் அது தானாக நிலமட்டத்துக்கு வந்தது இல்லை, நாம் வெட்டியதால் தெரிவது. ரோட்டுக்காக மலையை வெட்டிய இடமும், கல்குவாரிச் சுவரும் இதே கணக்குத்தான். இவற்றை எக்ஸ்போஷர் என்று சொல்லலாம், அவுட்கிராப் என்று சொல்வது பொருந்தாது. ஆனால் எனக்கு அவுட்கிராப்பைவிடக் கொங்கு நாட்டுக் கிணறுகள்தான் பிடிக்கும். மேலே செம்மண், அதன் கீழ் நொரம்பு, அதன் கீழ் கையால் உதிர்க்கக்கூடிய மட்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை என்று மேலிருந்து கீழே எல்லாமே ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

குண்டுக்கற்கள் இரண்டும்தான் சிக்கல். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கடப்பாறையால் அடியில் தோண்டிப் பாருங்கள். மண்ணுக்குள் போகப் போக அகன்றுகொண்டே போனால் பெரும்பாலும் அடிப்பாறையோடு ஒட்டியிருக்கிறது. உருண்டு உள்வாங்கினால் தனிக்கல். தோண்ட முடியாவிட்டால் வரிகளைப் பாருங்கள். களத்துப் பாறையில் வரிகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதே திசையில் குண்டுக்கல்லிலும் ஓடினால் அது இடம் மாறாதது என்று நம்பலாம்.

பல்லடத்துப் பண்ணை

விளையாட்டுக்குக் கேட்டேன் என்றாலும் இப்போது ஒரு நிஜமான கேள்வி. தமிழில் இதற்கு என்ன பெயர்? வெளிப்பாறையா?

குன்னமலைக் கல்

பாடப்புத்தகங்களில் பாறை வெளிப்பாடு, வெளித்தெரி பாறை என்றெல்லாம் பார்க்கலாம். களத்தில் நாங்கள் அவுட்கிராப் என்றே பேசிக்கொள்கிறோம். ஊர்க்காரரிடம் கேட்கும்போது ‘பாறை எங்கே தெரிகிறது’ என்று கேட்டால் போதும், நேராக அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

வரைபட வேலுச்சாமி

தங்கை சொன்னதில் முக்கால்வாசி எனக்கு உடன்பாடு. ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. வெளியே தெரிவதுதான் அவுட்கிராப் என்பது அமெரிக்கப் பழக்கம். பிரிட்டிஷ் பாடப்புத்தக மரபில், ஒரு பாறை வகை நிலமட்டத்தை எட்டுகிற மொத்தப் பரப்பும் அவுட்கிராப். மேலே ஒரு முழம் மண் மூடியிருந்தாலும் அது கணக்கில் சேரும். கண்ணுக்குத் தெரிகிற துண்டுக்குத்தான் எக்ஸ்போஷர் என்று பெயர். நிலவியல் வரைபடத்தில் வண்ணம் தீட்டுவதே அந்த மொத்தப் பரப்புக்குத்தான்.

இதற்கு உங்கள் ஊரே சாட்சி. சித்தம்பூண்டி, குன்னமலை பக்கத்து அனார்த்தோசைட் பாறையை வரைபடத்தில் பாருங்கள். வளைந்து போகிற ஒரு பட்டையாகத் தீட்டியிருப்பார்கள். நேரில் போனால் சோளக்காடு, தென்னந்தோப்பு, நடுநடுவே வெள்ளைப் பாறைத் திட்டுகள். திட்டுகளை மட்டும் தீட்டினால் வரைபடம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். அந்தப் பட்டை முழுவதும் அவுட்கிராப், திட்டுகள் எக்ஸ்போஷர்.

குன்னமலைக் கல்

அண்ணா, அந்த வேறுபாடு உண்மைதான், மறுக்கவில்லை. 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திலும் பிரிட்டிஷ் மரபுதான் ஊறியிருக்கிறது. ஆனால் காட்டுக்காரருக்குக் கொடுக்கும் அறிக்கையில் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஐந்து ஏக்கருமே நைஸ் பாறையின் அவுட்கிராப் ஆகிவிடும். அப்புறம் ‘வடமேற்கில் அவுட்கிராப்’ என்று எழுதுவதற்கே பொருள் இல்லை. எழுதியவர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல்லியிருக்கிறார்.

வரைபடம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். ஐந்து ஏக்கர் நிலம் அதில் 3 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சதுரம். அந்த ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் இணையதளத்தில் வரைபடத்தைத் திறந்து, தன் தோட்டத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்த்துப் போர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிறம் சுற்றுவட்டாரத்துப் பாறை என்ன என்றுதான் சொல்லும். உங்கள் மூலையில் மண் எத்தனை அடி என்று சொல்லாது.

எங்கள் ஊர்ப் பெயரை எடுத்ததால் ஒரு பெருமையையும் பேசிக்கொள்கிறேன். சந்திரயான்-2 தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ எடுத்துக்கொண்டது சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைத்தான். நிலவின் மேட்டுப்பகுதிகளிலும் அனார்த்தோசைட்தான் அதிகம். ஆடு மேய்த்த பாறை அது.

வரைபட வேலுச்சாமி

சரி, காட்டுக்கு உங்கள் பொருள், வரைபடத்துக்கு என் பொருள். ஆனால் அறிக்கை எழுதுகிறவர்கள் எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

ரிக் வண்டி ராசு

திருச்செங்கோடு. பேச்சில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். வடக்கே பல மாநிலங்களில் ரிக் வண்டியோடு சுற்றியவன். எங்கள் ஊர் வண்டி போகாத மாநிலம் குறைவு என்பது உங்களுக்கே தெரியும்.

படித்தவர்கள் பாறையை மேலே நின்று பார்க்கிறீர்கள், நாங்கள் துளையிலிருந்து வரும் தூளில் பார்க்கிறோம். பாறை தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினால் துளை சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப் செலவு குறைவு. மேலே சரிகிற மண் இல்லையே. சில காட்டுக்காரர்கள் இதைக் கேட்டதும் ‘அப்படியானால் அங்கேயே போடுங்கள்’ என்பார்கள். அங்கேதான் ஏமாற்றம். கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்க இடம் எது? மேலே மட்கிய பகுதி இருந்தால் அது மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் வெடிப்புகளுக்கு மெதுவாக விடும். மொட்டைப் பாறையில் பெய்த மழை அப்படியே வழிந்து ஓடிவிடும். துளை போட்டால் வெள்ளைப் புகையாகத் தூள் வந்துகொண்டே இருக்கும், கம்பி மேல் கம்பியாக இறக்கிக்கொண்டே இருப்போம், மீட்டர்தான் ஏறும்.

வெடிப்பு வரும்போது தூள் ஈரமாகிக் கட்டி கட்டியாக விழும், சத்தம் மாறும், வண்டியும் லேசாக உதறும். அந்த நேரத்தில் காட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பாறை மேல் போடாதீர்கள் என்று சொன்னேனே தவிர, பாறைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பாறையில் விழுந்த மழை முழுவதும் எங்கே இறங்குகிறது? அதன் அடியோரம் சரிவில். அங்கே மண் ஆழமாக இருந்தால் நல்ல இடம். பழைய கிணறுகள் பல கரட்டு அடிவாரத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பூண்டிச் சிற்பக்கூடம்

திருமுருகன்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். சிலைக்குக் கல் தேடும்போது நாங்களும் இதையேதான் பார்க்கிறோம், சொல்தான் வேறு. தரையில் தனியாகக் கிடக்கும் கல்லை எங்கள் ஆட்கள் சிலைக்கு எளிதில் எடுக்க மாட்டார்கள். வெயிலும் மழையும் ஆறு முகத்திலும் ஏறியிருக்கும், உளி வைத்தால் பொருக்கு பொருக்காக விடும். அடியிலிருந்து வெட்டி எடுத்த கல்தான் வேண்டும்.

தட்டிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. மணி போல் நாதம் வந்தால் ஆண் கல், தாளம் போல் வந்தால் பெண் கல், ஓசையே எழவில்லை என்றால் சிலைக்கு ஆகாது என்பது சிற்ப மரபு. ஊதியூர்க்காரர் களத்துப் பாறையில் சம்மட்டியால் தட்டிக்கொண்டே நடக்கட்டும். சில இடத்தில் டொக்கு டொக்கென்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் கேட்கும். அங்கே மேல்தோல் தனியாகப் பெயர்ந்து நிற்கிறது என்று அர்த்தம்.

குன்னமலைக் கல்

அருமை அண்ணா. வெங்காயச் சருகு போல என்று பாடத்தில் எழுதுவார்கள். பாறை வெயிலில் சூடேறிக் குளிர்வதும், மேலே இருந்த சுமை அரித்துப் போனதால் பாறை தளர்வதும் சேர்ந்து, அப்படித் தோல் தோலாகப் பிரியும். நாமக்கல் கோட்டைப் பாறையின் வழுக்கிய முகத்தைப் பார்த்தால் புரியும். சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை. குடைவரைக் கோயில்களைக் குடைந்தவர்கள் தோல் பிரியாத முகமாகப் பார்த்துத்தான் உளி வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஊதியூர்க் காட்டான்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையில் கடப்பாறையோடு போய் வந்தேன். வேலியோரக் கற்களில் கிழக்கே இருப்பது தோண்டத் தோண்ட அகன்றுகொண்டே போகிறது. அதில் வரிகள் களத்துப் பாறையைப் போலவே வடகிழக்காக ஓடுகின்றன. மேற்கே இருப்பது அடியில் உருண்டு போய்விட்டது. அதன் வரிகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக, வேறு திசையில் நிற்கின்றன.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. களத்துக்குத் தெற்கே உழவுக்காட்டில் வெங்கச்சங்கற்கள் ஒரே கோட்டில் சிதறிக் கிடக்கின்றன. உழும்போது பொறுக்கி வரப்பில் போடுவோம், அடுத்த ஆண்டும் வந்துவிடும். எல்லாம் கையளவுக் கற்கள், எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அப்படியானால் இதற்கு மதிப்பு கிடையாதா?

குன்னமலைக் கல்

மதிப்பு நிறைய உண்டு! தனித்தனியாகப் பார்த்தால் அவை உதிரிக் கற்கள்தான், ஒரு கல்லையும் அவுட்கிராப் என்று சொல்ல முடியாது. ஆனால் கோடாகக் கிடக்கிறது என்றால், பெரும்பாலும் அதற்கு நேர் கீழே ஒரு வெங்கச்சங்கல் நரம்பு ஓடுகிறது. சுற்றியுள்ள நைஸ் மட்கி மண்ணாகிவிட்டது, வெங்கச்சங்கல் எளிதில் மட்காமல் துண்டு துண்டாக மேலே மிஞ்சிவிட்டது. பழங்காலத்தில் மணிக்கல் தேடியவர்களும் இப்படிச் சிதறிய கற்களின் தடம் பிடித்துத்தான் போயிருக்க வேண்டும். நொய்யல் கரைக் கொடுமணலில் மணிக்கல் பட்டறைகள் இருந்ததை அகழாய்வுகள் காட்டின. இன்றும் காங்கேயம் பகுதி மணிக்கற்களுக்குப் பெயர் போனதுதான்.

இதே போலக் கருங்கற்கள் வரிசையாகக் காட்டைக் கடந்து போவதையும் பார்க்கலாம். அது டோலரைட் டைக்காக, அதாவது பாறை வெடிப்பில் புகுந்து இறுகிய கருங்கல் சுவராக இருக்கக்கூடும். டைக் நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் குறுக்கே மறிக்கும், மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்க வாய்ப்புண்டு. வெங்கச்சங்கல் நரம்பு நொறுங்கி வெடிப்பாக இருந்தால் அதன் வழியாகவே தண்ணீர் ஓடும். ஆகவே அந்தக் கோடு எந்தத் திசையில் போகிறது என்று குறித்து, பாயிண்ட் பார்த்தவரிடம் சொல்லுங்கள். கம்பிகளை அந்தக் கோட்டுக்குக் குறுக்கே நகர்த்தி இன்னொருமுறை அளந்தால் விடை கிடைக்கும்.

மேற்குக் குண்டுக்கல்லைத் திசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதன் வரிகளை யாராவது அளந்து அறிக்கையில் சேர்த்திருந்தால் உங்கள் ஃபோலியேஷனே தப்பாகியிருக்கும். அதனால்தான் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்டேன்.

சிவன்மலை அடிவாரம்

எங்கள் மலையை யாரும் சொல்லவில்லையே! சிவன்மலைப் பாறை நெஃபலின் சைனைட் என்ற வகை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பக்தர் கனவில் உத்தரவாகும் பொருளை வைக்கும் எங்கள் கோயில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் என்றைக்காவது ஒரு பாறைத் துண்டை வைக்க உத்தரவு வந்தால் இந்த இழைக்கு மவுசு கூடிவிடும்.

குன்னமலைக் கல்

சரிதான் அண்ணா. அதில் வெங்கச்சங்கல் இருக்காது, அதுதான் அதன் தனித்தன்மை. ஊதியூர்க்காரர் காட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பாறை முழுவதும் மாறிவிடுகிறது பாருங்கள்.

ஓய்வு பெற்ற நில அளவர்

நான் வருவாய்த் துறைப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். தம்பி ஊதியூர்க்காரர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவுட்கிராப் என்ற சொல் எங்கள் பதிவேடுகளில் கிடையாது. கிராம நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் பாறை, கரடு, கல்லாங்குத்து என்றுதான் வரும். கல்லாங்குத்து என்பது கல்லும் கரம்புமாக உழ முடியாத நிலம். நிலவியல்காரர் பார்க்கிற மாதிரி ஒட்டியிருக்கிறதா, உதிரியா என்று நாங்கள் பார்ப்பதில்லை. ஏர் ஓடுமா, ஓடாதா, தீர்வை போடலாமா என்பதுதான் எங்கள் கேள்வி. எனவே அறிக்கையில் அவுட்கிராப் என்று வந்துவிட்டது, மூலை நிலம் புறம்போக்கு ஆகிவிடுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். பட்டாவில் இருக்கிற பாறை பட்டாவில்தான் இருக்கும்.

ஊதியூர்க் காட்டான்

ஐயா, அந்தப் பயம் எனக்கு வரவில்லை, ஆனால் அம்மிச்சிக்கு வந்தது. உங்கள் பதிலைப் படித்துக் காட்டிவிட்டேன். கூடவே மச்சான் ஒரு கேள்வி கேட்கிறார்: பட்டாவில் இருக்கும் பாறைதானே, உடைத்து ஜல்லிக்கு விற்றுவிடலாமா?

ஓய்வு பெற்ற நில அளவர்

மச்சானை யாராவது கட்டிப்போடுங்கள். சொந்தப் பட்டாவானாலும் விற்பனைக்குக் கல் எடுக்க 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும். மாவட்டக் கனிமவளத் துறையில் விசாரிக்காமல் ஒரு சம்மட்டி அடியும் வேண்டாம்.

ரிக் வண்டி ராசு

களத்தை உடைத்துவிட்டால் சோளத்தை எங்கே காயவைப்பீர்கள்? ரோட்டிலா? அதை விடுங்கள். பாயிண்ட் பார்ப்பவர் வெங்கச்சங்கல் கோட்டில் மறுபடி அளந்ததும் அறிக்கையை இங்கே போடுங்கள். மேல் மட்கு மண்டலம் எத்தனை அடி என்பதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். கேசிங் எத்தனை அடி வேண்டும் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஊதியூர்க் காட்டான்

போனில் பேசிவிட்டேன் அண்ணா. கோட்டுக்குக் குறுக்கே அளக்க ஒத்துக்கொண்டார், வெள்ளிக்கிழமை வருகிறார். கிழக்குக் குண்டுக்கல்லையும் அவுட்கிராப் என்று சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.